இருபது கிலோ

பரவை மார்க்கெட்டுக்குச் சற்று முன்னால்
திண்டுக்கல் ரோட்டில் ஒரு இரும்புப் பாலம்.
எந்த ஆற்றையும் கடக்காது.
லாரி ஏறும், நிற்கும், மூச்சு வாங்கும்.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்
சிவப்பு எண்கள் அசைவை நிறுத்தும்வரை காத்திருந்து
சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன்.

ஒன்பது வருஷத்தில் எல்லாம் பார்த்தாயிற்று.
சரக்கோடு ஏறும்போது கிளீனரும் ஏறிக்கொண்டு
காலி வண்டிக்கு மட்டும் டீ குடிக்கப் போய்விடுவது.
பின்சக்கரத்தை ஒரு சாண் வெளியே விட்டுவிட்டு
வானத்தைப் பார்ப்பது.
"நாப்பது கிலோ கூட்டிப் போடு ஜெயக்கொடி,
மகளுக்குப் பீஸ் கட்டணும்னியே"
என்று ஜன்னல் துளையில் ரூபாயை மடித்து நீட்டும்
தரகர் சோணைமுத்து.
மாட்டேன் என்றால் மாட்டேன்.
அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்.
அதை மட்டும் நான் எடை போட்டதில்லை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை.
கண்மாய் நிறைந்ததென்று ஊர் சந்தோஷப்பட்ட வியாழக்கிழமை
மேடையில் வண்டி இல்லை,
ஆள் இல்லை, ஒரு காக்கைகூட இல்லை.
எண்கள் சொல்லின:
இருபது.

குடையோடு இறங்கிப் பார்த்தேன்.
எலி கடித்த ஒயர். உள்ளே ஈரம்.
திங்கள் காலை பூஜ்யம் பார்த்தேன், நினைவிருக்கிறது.
செவ்வாய் பார்க்கவில்லை.
புதன் பார்க்கவில்லை.
ரெஜிஸ்தரில் மட்டும்
"பூஜ்யம் சரி", "பூஜ்யம் சரி"
என் கையெழுத்து, அழகாக.

முதலாளி ராஜரத்தினம் போனில் சிரித்தார்.
"ஏத்துனப்பவும் இருபது, எறக்குனப்பவும் இருபது.
கழிச்சாச் சரியாப் போச்சுல்ல? விடு."
கணக்கு சரிதான்,
இரண்டு எடையும் இங்கேயே போட்டவர்களுக்கு.
பதினோரு வண்டிக்குச் சரக்கெடை மட்டும்தான் இங்கே;
காலி எடை, ஊரில் போட்ட பழைய சீட்டில்.
வெங்காயம், முருங்கை, மூன்று லோடு வாழைத்தார், பழைய இரும்பு.
பதினோரு இருபது.

ஒவ்வொரு நம்பராக அழுத்தினேன்.
ஒட்டன்சத்திரம் வேலாத்தா,
"வித்து வந்த காசு செலவாயிருச்சு கண்ணு,
இப்பச் சொல்லி என்னத்துக்கு" என்றார்.
இரும்புக்கடைக்காரர் என் வம்சத்தையே ஏசினார்.
இரண்டு பேர் எடுக்கவில்லை.
கம்பத்து பீர் முகமது, வாழைக்கு லாரி ஓட்டுகிறவர்,
ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.
பிறகு,
"அப்ப இதுக்கு முன்னால?"
அதற்கு என்னிடம் சீட்டு இல்லை.

வாங்கியவர்களுக்குத் திருப்ப வேண்டியது
ஆறாயிரத்துச் சொச்சம்.
முனகிக்கொண்டே முதலாளி பாதி,
பீஸ் பணத்திலிருந்து நான் பாதி.
"அங்க மெஷினே தப்பாம்" என்று
கடை கடையாய்ச் சொல்லிவைத்தார் சோணைமுத்து.
பதினைந்து நாள் லாரிகள்
எதிர் மேடையில் வரிசை கட்டின.
நான் ஈரமில்லாத ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும்.
பீர் முகமதின் லாரி ஏறி நின்றது.
எண்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.
சீட்டை வாங்கினார், படிக்காமல் மடித்தார்,
சட்டைப் பைக்குள் வைத்தார்.
"பாத்துக்கங்க பாய்."
"அதான் நீ பாத்துட்டேல்ல."
வண்டி மார்க்கெட் பக்கம் திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகு கூண்டுக்குள் உட்கார முடியவில்லை.
டார்ச்சோடு மேடைக்கு அடியில் குனிந்தேன்.
சேறு. ஒயர். கண் சிமிட்டாத ஒரு தவளை.
மேலே வந்து பார்த்தேன்: பூஜ்யம்.
இன்னொரு தடவை பார்த்தேன்.
ரெஜிஸ்தரில் நேரம் போட்டு எழுதினேன்.
கை லேசாக நடுங்கியது.
குளிராகவும் இருக்கலாம்.