கிழக்குக் கோடி ஜன்னல்

கிரேலிங்கின் கோதுமைக் கிடங்கில் ஏறி நின்றால்
ஆஸ்பத்திரியின் பதினோரு ஜன்னலும் தெரியும்.
நடு ஜன்னல் எரிந்தால் யாருக்கோ கை முறிந்திருக்கிறது.
மேற்கே இரண்டாவது விடிய விடிய எரிந்தால்
சர்ச் சமையலறையில்
முட்டைக்கோஸ் இலையில் சோறு சுருட்டத் தொடங்கிவிடுவார்கள்,
யாருடைய சாவுக்கு என்று கேட்காமலே.

நான் கொதிகலன் பார்க்கிறவன்.
பூட்டு, குழாய், பல்பு, சவ அறைக் கதவின் கீல்,
குளிர்காலத்தில் பனி தள்ளுவது, எல்லாம் நானே.

எக்ஸ்ரே மெஷின் ஊர் வாங்கியது.
மெட்ரோ ஹ்னாட்யுக் தன் காளைக்கன்றை ஏலம் விட்டான்.
எடுத்தவன் பணத்தைக் கட்டிவிட்டுக்
கன்றைத் திரும்ப ஏலத்துக்கே விட்டான்.
ஒரே சாயங்காலத்தில் நான்கு முறை விலைபோன கன்று அது.
இன்றும் ‘மூச்சை இழுத்துப் பிடி’ என்றால்
எனக்கு அதன் முகம்தான் ஞாபகம் வரும்.

கிழக்குக் கோடி ஜன்னல் மட்டும்
இருபத்தாறு வருஷமாக எரியவில்லை.
பிரசவம் இனி நகரத்தில் என்று கடிதம் வந்த வாரம்
கட்டிலைக் கழற்றினேன்.
நகரம் நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
அறைக்குள் உடைந்த சக்கர நாற்காலிகள் போயின,
பிறகு தேர்தல் அட்டை மறைப்புகள்,
பிறகு பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம்.

ஜனவரியில் நெடுஞ்சாலையை மூடிய இரவு
ஏரிக்கு அக்கரை க்ரீ குடியிருப்பிலிருந்து
டெலைனாவைப் பனிவண்டியில் கொண்டுவந்தார் அவள் மாமா.
தாடி முழுக்கப் பனிக்கட்டி.
‘அடுத்த மாசம்தான் நாள்’ என்றார்,
நாங்கள் ஏதோ அவசரப்படுத்தியது போல.

நர்ஸ் மரிவிக் இலோய்லோக்காரி.
இங்கே வந்த முதல் குளிரில் இமை ஒட்டிக்கொண்டு அழுதவள்.
அன்றைக்கு அழவில்லை.
‘எங்கள் ஊரில் நாற்பது பார்த்திருக்கிறேன்.
அறையைக் காலி பண்ணு.’

மரத்தைத் தாழ்வாரத்துக்கு இழுத்தேன்.
பல்பு மாற்றினேன்.
போனில் நகரத்து டாக்டர்
அரை வாக்கியம் பேசுவார், அறுந்துபோவார்.

இரண்டு மணிக்குக் காற்று ஓய்ந்தது.
இரண்டரைக்கு மணி அடித்தது.
‘எரியறது கிழக்கா?’
வைத்த கையோடு இன்னொன்று: ‘கிழக்கா?’

ஹ்னாட்யுக் டிராக்டரில் வழி வெட்டிக்கொண்டு வந்தான்.
அவன் வெட்டிய தடத்தில் ஏழு டிரக்குகள்.
விளக்கை அணைத்தார்கள், எஞ்சினை அணைக்கவில்லை.
மைனஸ் முப்பத்தெட்டு.
உள்ளே வரட்டுமா என்று யாரும் கேட்கவில்லை.
வாசலில் ஒரு சூப் பானை மட்டும் இருந்தது.

நாலேகாலுக்கு அந்தச் சத்தம் வந்தது.
கதவு அருகே நான் ஒரு குறடைப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
எதற்கு என்று இப்போதும் தெரியவில்லை.

நோயாளி விஷயம் வெளியே பேசக்கூடாது;
வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
மண்வெட்டியோடு வெளியே போனேன்.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
பனிதான் தள்ளினேன்.
விசிலடித்துக்கொண்டே தள்ளினேன்.

ஒரு ஹார்ன்கூட இல்லை.
ஒவ்வொரு டிரக்கும் விளக்கை ஒருமுறை சிமிட்டிவிட்டுத்
திரும்பிப் போனது.

காலையில் ஆம்புலன்ஸ் தாயையும் பிள்ளையையும் ஏற்றிப் போனது.
‘பிறந்த இடம்’ என்ற கட்டத்தில்
மரிவிக் என்னிடம் எழுத்துக்கூட்டிக் கேட்டு
ஊர்ப் பெயரை எழுதினாள்.

இப்போது ஆகஸ்ட்.
மரம் தாழ்வாரத்திலேயே நிற்கிறது.
அறையில் வைத்துப் பூட்டச் சொல்லித்
தலைமை அலுவலகம் இரண்டு கடிதம் போட்டாயிற்று.
சாவி என்னிடம்தான் இருந்தது.
தேடிக்கொண்டிருக்கிறேன்.