எட்டுப் பேருக்கு

பல்தசார் வீட்டார் ஒஸ்ரேலியாவுக்குப் போகுமுன்
வாசலில் பரப்பி விற்ற சாமான்களில்
நூற்றைம்பது ரூபாய்க்கு அந்தப் புத்தகம்.
மட்டையில் இரும்புச் சட்டியும் சோளரொட்டியும்.
அமெரிக்கத் தெற்கின் ஆறுதல் சமையல் என்று
நானே பெயர்த்துச் சொன்னேன் கீழ்வீட்டு ஜெஸீமாவுக்கு.
"தெற்கெண்டா மாத்தறையாகா?" என்றாள்.
இல்லை, அது வேறு தெற்கு.
எல்லா நாட்டுக்கும் ஒரு தெற்கு இருக்கும்போல,
அதைச் சொல்லும்போது
யாரோ குரலைத் தாழ்த்துவார்கள்போல.

எந்தப் பக்கம் திறந்தாலும் எட்டுப் பேருக்கு.
நான் ஒரு ஆள்.
புளியந்தீவில் மேல்மாடி, இரண்டு அறை,
நீர்வழங்கல் சபையில் பட்டியல் திருத்தும் வேலை.
எட்டால் பிரிப்பது எனக்குக் கைப்பழக்கம்தான்,
ஆனால் ஒரு முட்டையை எட்டாகப் பிரித்துப் பாருங்கள்.

பிஸ்கட் என்று போட்டிருந்தது.
தேத்தண்ணியில் தோய்ப்பது அல்ல;
பஞ்சு மாதிரி, மேலே குழம்பு ஊற்றித் தின்பதாம்.
மோருக்கு எருமைத் தயிரைக் கரைத்தேன்.
வீட்டில் அவன் இல்லை.
சூடாக்கும் அவனைச் சொல்கிறேன்,
மற்றவன் போய் ஆறு வருடம்.
பிலேந்திரனின் பேக்கரிப் போறணையில்
பாணெல்லாம் இறங்கிய பிறகு ஒரு மூலை கேட்டேன்.
கல்லாய் வந்தது.
"கதவுக்கு முட்டுக் குடுக்க நல்லம்" என்றார்.
கூலி வாங்கவில்லை.

மறுகா எண்பத்து நாலாம் பக்கம்:
எண்ணெயில் மாவைப் போட்டுக் கிண்டு,
பழைய செப்புக்காசின் நிறம் வரும்வரை.
கையை எடுக்காதே. யார் கூப்பிட்டாலும் போகாதே.
ஓர் ஆளுக்கு அளந்த மா
நிறம் மாற நேரமில்லாமல் கருகிவிடுகிறது.
நாலு ஞாயிறு, நாலு சட்டி, தேங்காய்ப்பொச்சும் நானும்.

தையில் வாவி ரோட்டுக்கு ஏறியது.
கரண்ட் போன இரண்டாம் இரவு
ஜெஸீமா, அவள் புருஷன், மூன்று பிள்ளைகள்,
பிளாஸ்டிக் கதிரையைத் தலையில் கவிழ்த்தபடி பிலேந்திரன்,
பின்னால் அவர் மனைவி,
பஸ் கிடைக்காத ஒரு மருந்துக் கம்பனிப் பொடியன்,
ஒரு ஆடு.
ஆட்டை விட்டு எண்ணினால் என்னோடு ஒன்பது.
புத்தகத்துக்கு ஒன்று கூட.

காஸ் பாதி இருந்தது.
டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கிண்டினேன்.
அந்த வெளிச்சத்தில் செப்புக்காசு எது, கரி எது?
மூக்கை நம்பினேன்:
வறுத்த கச்சானைத் தாண்டி,
கோப்பிக்கு இரண்டு அடி முன்னால் இறக்கினேன்.
வெண்டிக்காய், வெங்காயம், கறிமிளகாய்,
அவர்கள் கேட்ட தொத்திறைச்சிக்குக் கீரிக் கருவாடு,
வெள்ளத்தோடு தானாகப் படியேறி வந்த
நண்டு இரண்டு.

ஜெஸீமா நண்டை ஒதுக்கினாள்.
பிலேந்திரன் மனைவி நான் திரும்பிய நேரம் பார்த்துத்
தேசிக்காய் பிழிந்துவிட்டார்.
"ஏன் இது வழுக்குது" என்று கடைசிப் பிள்ளை அழுதது.
உப்பும் கூடித்தான் போயிற்று.
பொடியன் மட்டும் ஒன்றும் பேசாமல்
மூன்று தரம் சோறு போட்டான்.
"சுடும், ஊதி ஆத்திச் சாப்பிடுங்க" என்றேன்.
சொன்ன பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது.
ஒன்பது வாய் ஊதும் சத்தம்.
கீழே படியில் தண்ணீர் தட்டும் சத்தம்.
மட்டையை நான் பெயர்த்தது பிழையில்லை.

வெள்ளம் வடிந்து மூன்றாம் கிழமை
படியில் மறித்து ஜெஸீமா கேட்டாள்:
"அந்தக் கறுத்த ஆணம் மறுகா எப்பகா?"
நல்லாயிருந்தது என்று அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
சந்தைக்குத்தான் இறங்கிக்கொண்டிருந்தேன்,
கையில் பை,
வெண்டிக்காய் ஒன்றரைக் கிலோவுக்குக் காசு.