கழித்தல்

தார்த்து நகரம். ஆற்றைப் பார்த்த மூன்றாம் மாடி.
அடையாள அட்டைகளின் சில்லுகளைக் குடைந்து
குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிறார்கள்.
நகத்தளவு தங்கத் தகடு,
அதற்குள் ஒரு வளைகோடு.

பெயரில்தான் நீள்வட்டம்.
வரைந்து பார்த்தால் ஒரு முட்டை,
அதற்கு வலப்புறம்
மூட மறந்த வாயாக விரிந்துபோகும் இன்னொரு கிளை.
இரண்டு புள்ளிகளைத் தொட்டுக் கோடு இழு,
மூன்றாவதாக ஒன்றில் போய் இடிக்கும்.
இடித்த புள்ளியை அச்சுக்கு மறுபுறம் கவிழ்.
அதுதான் கூட்டல்.
பள்ளிக்கூட அளவுகோல் போதும்.

கூட்டு, கவிழ், கூட்டு, கவிழ்.
புறப்பட்ட இடம் ஊரறிந்தது,
நின்ற இடமும் ஊரறிந்தது.
எத்தனை எட்டு என்பது மட்டும்
நடந்தவனுக்கே வெளிச்சம்.

(சில்லுக்குள் கோடே கிடையாது, சொல்லிவிடுகிறேன்.
மேசையில் உப்பு சிந்தியதுபோல் புள்ளிகள்.
வளைவு எங்கள் ஆறுதலுக்கு.)

ஒவ்வொரு கையொப்பத்துக்கும்
புதிதாக ஓர் எண் வேண்டும்,
யாரும் பார்க்காதது, ஒரே ஒரு தடவைக்கு.
சோம்பல்பட்டு அதையே
அடுத்த தாளுக்கும் போட்டால்
இரண்டு கையொப்பத்திலும் முதல் பாதி
அச்சு அசலாக வந்து நிற்கும்.
பிறகென்ன, ஒரு கழித்தல், ஒரு வகுத்தல்,
சாவி என் கையில்.

பிப்ரவரி ஏழு. தம்பெத் தொலைபேசியில்:
எல்வா சாலையில் லாரி கவிழ்ந்து கிடக்கிறது,
பனி, வர நேரமாகும்.
சூப்பை மூடி வைத்தேன்.

மார்ச் பத்தொன்பது.
ஆற்றில் பனிக்கட்டி வெடிக்கும் சத்தம் ஜன்னல்வரை.
எல்வா சாலை. லாரி. பனி.
அதே லாரி!
இருமல்கூட அதே இடத்தில்.

வேறொரு பொய் சொல்லியிருக்கலாம்.
ஒரு மான், ஒரு பஞ்சர்.
ஆயுசு முழுக்க உட்கார்ந்தாலும் உடைத்திருக்க மாட்டேன்.
இதிலிருந்து அதைக் கழித்தேன்.
சூப் ஆறுவதற்குள்
மீதியில் ஒரு பெண்ணின் பெயர்,
வில்யாந்தியில் ஒரு வீடு,
பதினோரு புதன்கிழமைகள்.

விவாகரத்து விண்ணப்பத்தில்
அவன் அட்டையைச் செருகினான், நான் என்னுடையதை.
சமையலறை மேசை, ஒரே கணினி,
யாரும் அழவில்லை.

அவன் போன பிறகு, பழக்கதோஷம்,
அவன் போட்ட கையொப்பத்தின் முதல் பாதியை
வீட்டுக்கடன் பத்திரத்தில் இருந்ததோடு
எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன்.

வேறு எண்.
சில்லு ஒழுங்காகத்தான் இருக்கிறது.
அந்த வரிசையைச் சோதித்துத்
தேர்ச்சி என்று எழுதியது நான்தான்.