வலப்பக்கச் சாய்வு

வலப்பக்கம் மூன்று விரல் சாய்ந்திருந்தது
எண்பத்தேழாம் வருஷத்து பிக்கப்.
முன்பு சிவப்பு. இப்போது
நெவாடா வெயில் என்ன சொல்கிறதோ அந்த நிறம்.

குதிரைக்கு லாடம் அடிப்பது என் பிழைப்பு.
எல்கோவைத் தாண்டினால் பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவே
தகரக்கூரை மடிப்பாய் அலையோடும் மண்சாலை.
நாற்பது மைல் ஓட்டி இறங்கினால்
பல்லெல்லாம் இருக்கிறதா என்று
நாக்கு எண்ணிப் பார்க்கும்.

"பட்டை செத்துப்போச்சு" என்றார் ரோமுலோ,
குனிந்துகூடப் பார்க்காமல்.
பகலெல்லாம் தங்கச்சுரங்கத்தில்
இரண்டாள் உயரச் சக்கரங்களோடு மல்லுக்கட்டுகிறவர்.
என் வண்டியைக் கண்டால் மட்டும்
தொட்டில் பக்கம் நிற்பவர்போல் குரல் இறங்கும்.

கூப்பிடாமலே மற்றவர்களும் வந்தார்கள்.
அதே வயது வண்டி வைத்திருக்கிறவர்கள்,
விற்றுவிட்டு அதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள்.
டெல்மர் ஒரு ஜோடி ஷாக் அப்சர்பரைப்
போர்வையில் சுற்றி எடுத்துவந்தார்.
பெனாட் ஆட்டுக்கறி, ரொட்டி, ஒரு வெல்டிங் மெஷின்.
ஜெர்ரிலின் கொண்டுவந்தது அபிப்பிராயம்.

ஒரு பட்டை கூடச் செருகினால் போதும் என்றது ஒரு கட்சி.
கட்டையே மாற்று என்றது இன்னொன்று.
இரண்டு அங்குலம் ஏற்று.
மூன்று ஏற்று.
மூன்று ஏற்றினால் முன்பக்கம் தலை குனியும்.
அப்போ முன்பக்கக் கம்பியை முறுக்கு.
முறுக்கினால் முதுகு போகும்.
யார் முதுகு?
அதற்குள் ரொட்டி தீர்ந்திருந்தது.

சனிக்கிழமை.
யூ போல்ட்டுகளில் எட்டு நட்டு.
ஏழு, எண்ணெய் குடித்ததும் சொன்னபடி கேட்டன.
எட்டாவது
முப்பத்தெட்டு குளிர்காலத்து உப்பைக் கவ்விக்கொண்டு
அசைய மறுத்தது.
தட்டினோம். சூடு காட்டினோம். குழாய் மாட்டி நெம்பினோம்.
டெல்மர் அதனிடம் ஷோஷோனி மொழியில் ஏதோ சொன்னார்.
"என்ன சொன்னீர்கள்?"
"அச்சில் ஏறாது."
கடைசியில் அறுத்தோம்.
பொறி பறந்து என் சட்டையில் நாலு ஓட்டை.
இதோ, அதைத்தான் போட்டிருக்கிறேன்.

கழற்றியவற்றைச் சிமெண்டுத் தரையில் கிடத்தினோம்.
இடப்பக்கத்துப் பட்டையில் இன்னும் கொஞ்சம் வில் இருந்தது.
வலப்பக்கத்தது ரூல்தடி.

ஆறு மணிக்கு ஜாக்கி இறங்கியது.
டேப்பை அந்தப் பக்கம் பிடித்து
இந்தப் பக்கம் பிடித்து
மறுபடியும் பிடித்தோம்.
ஒரே அளவு.
ஜெர்ரிலின்கூட ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு நானும் டெல்மரும்
பட்டடைக்கல்லையும் லாடப் பெட்டியையும் ஏற்றினோம்.
பின்னால், வலது மூலை.
பதினோரு வருஷமாய் அவற்றின் இடம்.
புது வண்டி
மெதுவாக, மரியாதையாக,
ஒரு விரல் சாய்ந்தது.

பெனாட்டின் மகள் இட்ஸியார்
சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:
"நடுவில் வைத்தால் என்ன?"

நாலு மாதம். ஆறு பேர். எத்தனை ராத்திரி.
ரோமுலோ தொப்பியைக் கழற்றினார்,
மாட்டினார்.

நடுவில் டர்னிப் படுக்கும் என்றேன்.
என் நாய். பதின்மூன்று வயது.
உள்ளே வந்து உட்காரச் சொன்னால் கேட்க மாட்டாள்.
பின்கண்ணாடி வழியே என் பிடரி தெரிகிற அந்த ஒரு சாண் இடம்
அவளுடையது.

பேர் கேட்டு ஓடிவந்தாள். தாவினாள்.
நாங்கள் ஏற்றிய இரண்டு அங்குலம்
அவள் நகத்துக்கும் பலகைக்கும் இடையில் நின்றது.
சறுக்கி இறங்கி
எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள்.
யாரோ தப்பு செய்திருக்கிறார்கள்.
யாரென்பதில் அவளுக்கு அக்கறையில்லை.

பெனாட் வெல்டிங் முகமூடியைத் தேடினார்.
பட்டை எஃகில் வெல்டு நிற்காது என்றாள் ஜெர்ரிலின்.
வந்ததிலிருந்து அவள் சொன்னதில்
இது சரி.
மிஞ்சிய மூன்று பழைய யூ போல்ட்டால்
அந்த ரூல்தடியைப் பின்னால் பிணைத்தோம், படியாக.
வெல்டிங் மெஷின் வந்தபடியே திரும்பியது.

ஞாயிறு, ரூபி மலையடி வரை ஓட்டினேன்.
சாலையின் அலைகள்
பக்கத்து வீட்டுச் சண்டைபோல் எங்கோ கேட்டன.
மூடியில்லாத காபி சிந்தவில்லை.
சாய்ந்த கோப்பைக்குள்
அது தன் பாட்டுக்கு
நேராக இருந்தது.

ஸ்டியரிங் மட்டும் இப்போது இடப்பக்கம் இழுக்கிறது.
புதன்கிழமை வருகிறார்களாம்.