பொந்தில் பிறந்தவர்கள்

திஸா ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நிற்கவைத்து
துறவி பெனெடெக் கேட்டார், எந்த ஊர்.
ஊர் என்றால் என்னவென்று துபாஷியைக் கேட்டேன்.
திரும்பிப் போகும் இடம் என்றான்.
நாங்கள் புல் இருக்கும் பக்கம்தான் திரும்பியிருக்கிறோம்.

சரி, என்ன குலம்?
கிப்சாக். உளுத்து உள்ளே கூடாகிப்போன மரம் என்று அர்த்தம்.
இறகுப்பேனா நின்றது.

புருஷன் போரில் விழுந்த அன்றைக்கே
ஒருத்திக்கு இடுப்புவலி கண்டது. கூடாரம் எரிந்திருந்தது.
மரப்பொந்துக்குள் புகுந்து பெற்றாள்.
அந்தப் பிள்ளையின் பிள்ளைகள் நாங்கள்.
இது அம்மா சொன்னது.
சித்தப்பன் தோக்லி சொன்னதில் மரமே கிடையாது,
செத்த ஒட்டகத்தின் விலாக்கூடு.
அவன் புளித்த குதிரைப்பால் குடித்திருந்தான்.
இருந்தாலும் எங்கள் வெளியில்
மரத்தை நான் எங்கே கண்டேன்?

டான் ஆற்றுக்கு அந்தப்பக்கம், மேட்டில்,
அப்பனுக்குக் கல் நட்டோம்.
இரண்டு கையையும் வயிற்றுக்குக் கொண்டுவந்து
கிண்ணத்தைப் பிடிக்கவைத்தான் கல்தச்சன்.
காலைச் செதுக்கவில்லை.
இனி எங்கே நடக்கப்போகிறார் என்றான், கூலியை எண்ணிக்கொண்டே.
மங்கோலியர் வந்த வருஷம் வண்டிகள்
மூன்று பகல் மூன்று ராத்திரி கிறீச்சிட்டுப் போயின,
அச்சில் கொழுப்பு தடவ நேரமில்லை.
கடைசி வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்து பார்த்தேன்.
கிண்ணத்தில் மழைத்தண்ணீர் இருந்திருக்கும்.
நான் பார்த்தது
மழிக்காத புல்லுக்கு மேலே ஒரு தலை,
பிறகு புல்.

இந்த ராஜாவின் ஆட்களோடு சத்தியம் செய்தபோது
நடுவில் ஒரு நாயை நிறுத்தி வாளால் பிளந்தோம்.
வாக்குத் தவறியவன் இப்படி ஆகட்டும்.
அவர்களும் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம்.
நாய் என்னுடையது. கராபாஷ். இடது காது மடங்கியிருக்கும்.
அடுத்த பனிக்குள் இரண்டு பக்கமும் வாக்கு மறந்தாயிற்று,
அவன் மட்டும்
சொன்னபடி இரண்டாகக் கிடந்தான்.

இதையெல்லாம் துபாஷி எவ்வளவு சொன்னானோ.
துறவி சுருக்கமாகத்தான் எழுதினார்.
எட்டிப்பார்த்துக் கேட்டேன்.
பெயர் பால். ஊர் மரம்.
என் பெயர் குனெக் என்றேன்.
இதுவரைக்கும், என்றான் துபாஷி.

பிடரியில் கைவைத்துத் தண்ணீருக்குள் அமுக்கினார்.
இருட்டு. காது அடைத்தது.
மேலே வெளிச்சம் கோடுகோடாக, வளைந்து வளைந்து,
இடுக்கு விட்டு இறங்கியது.
தோக்லி சொன்னதுதான் சரி.

எழுந்தபோது மூக்கில் ஏறிய தண்ணீர் எரிந்தது.
துடைக்கத் துணி யாரும் கொண்டுவரவில்லை.
வரிசையில் அடுத்தவன் ஏற்கெனவே
பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.