ஒரு திர்ஹம் அதிகம்

காலையில் அது முழு வாக்கியம்:
"சார், ஏழைப் பிள்ளைகள் படிப்புக்காக
ஒரு திர்ஹம் சேர்த்துக்கொள்ளலாமா?"
இந்தியில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று,
ஆங்கிலத்தில் ஒன்று, அரபியில் பாதி.
ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியா,
ஏழாம் நம்பர் கவுண்டர்.
பெயர்ப்பட்டையில் அருளப்பன் கொள்ளவில்லை;
அருள் என்று வெட்டிக் குத்திவிட்டார்கள்.

நாளொன்றுக்கு நாற்பது 'ஆமாம்' வேண்டும்.
ஆபீஸ் ரூம் பலகையில் ஷப்னா எழுதி வைப்பாள்.
நான்காம் நம்பர் ஜோஸ்லின்
சிரித்தே அறுபது வாங்கிவிடுவாள்.
எனக்கு அந்தப் பல்வரிசை இல்லை.

பதினோரு மணிக்குள்
வாக்கியத்திலிருந்து பிள்ளைகள் உதிர்ந்தார்கள்.
மத்தியானம் சாரும் போனார்.

போனிலிருந்து கண்ணெடுக்காமல் ஒரு 'இல்லை'.
"போன தடவை கொடுத்தேனே" என்றொரு 'இல்லை'.
மூன்று கிலோ இறால் வாங்கியவர்
"இந்தப் பணமெல்லாம் எங்கே போகுது, தெரியுமா?"
என்று என்னையே கேட்டார்.
தெரியாது சார். கார்டை இங்கே வையுங்கள்.
வரிசை பார்க்கிறதே என்று கொடுப்பவர்கள் உண்டு.
ஒரு அம்மா மட்டும் பத்து திர்ஹம் என்றாள்.
பொத்தான் ஒன்றுதான் எடுக்கும்;
பத்து தடவை அழுத்தினேன்.
பின்னால் நின்றவன் உச்சுக்கொட்டினான்.

இரவு பத்தே முக்காலுக்கு அவன் வந்தான்.
நெற்றியில் ஹெல்மெட் வார் பதிந்த கோடு.
குபூஸ், லெபன்,
ஐம்பது ஃபில்ஸ் ஸ்டிக்கர் ஒட்டிய பச்சைமிளகாய்.
ஏழே கால் திர்ஹத்தைச்
சில்லறையாகவே எண்ணி வைத்தான்.
என் வாயில் அப்போது மிச்சமிருந்தது
இரண்டே சொல்:
"ஏக் திர்ஹம்?"
கை வேறு நீண்டிருந்தது, ரசீதோடு.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.
பெயர்ப்பட்டையை, பிறகு கண்ணை,
கண்ணுக்குக் கீழே கறுத்த இடத்தை.
"உனக்கா?" என்றான்.
"சம்பளம் வரலியா?"

பாத்திரமறிந்து பிச்சை இடச் சொல்வார்கள்.
இது வேறு பாய், ஸ்கிரீனைப் பாருங்கள்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சம்பளம் வரவில்லைதான். இரண்டு மாதம்.
இவனுக்கு எப்படித் தெரிந்தது?

அதற்குள் சட்டைப் பையிலிருந்து ஒரு காசெடுத்து
ரசீதின் மேல் வைத்து
என் விரல்களை அவனே மடக்கிவிட்டான்.
சிமெண்ட் தின்ற கை. காசு சூடாக இருந்தது.
ஏதோ சொன்னான், வங்காளமாக இருக்கலாம்;
"எல்லாருக்கும் இப்படித்தான்" என்பதுபோல் கேட்டது.
வாசல் தாண்டியதும் ஆகஸ்ட் புழுக்கம்
மூக்குக்கண்ணாடியை வெளுக்கடித்தது.
துடைத்தபடியே போனான்.

பச்சைப் பொத்தானை அழுத்தியிருக்கலாம்.
முப்பத்தெட்டு முப்பத்தொன்பது ஆகியிருக்கும்.
எங்கோ ஒரு பிள்ளைக்கு அரை நோட்டுப் புத்தகம்.
அழுத்தவில்லை.
எனக்கென்று தந்ததை
இன்னொருவருக்குத் தர மனம் வரவில்லை.
இதை ஷப்னாவிடம் சொல்ல முடியாது.

வைத்துக்கொள்ளவும் இடமில்லை.
எங்கள் கால்சட்டைப் பைகளைக்
கம்பெனியே தைத்து மூடித்தான் தருகிறது.
தலைக்கு மேல் கேமரா.
டிராயரில் ஓரமாக, தனியாகப் போட்டேன்.
அடுத்தவருக்குச் சில்லறை அள்ளும்போது
எது அது என்று தெரியாமல் போயிற்று.

கணக்கு முடிக்கையில் ஒரு திர்ஹம் அதிகம்.
குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்,
கூடினால் எழுதித் தரவேண்டும்.
"யாரு விட்டுட்டுப் போனது?" என்றாள் ஷப்னா.
காரணம் என்ற கட்டத்தில்
'சில்லறைத் தவறு' என்று எழுதினேன்.
கையெழுத்துக் கோட்டில்
முழுப் பெயரும் கொண்டது.

பஸ்ஸில் ஜோஸ்லின் வாய்திறந்து தூங்கினாள்.
நான் கால்சட்டைப் பையின் விளிம்பை
விரலால் தடவிக்கொண்டே வந்தேன்.
நெருக்கமாக, இரட்டை ஓட்டம்.
நல்ல தையல்.