பதினொரு நிமிஷம்

நூற்று அறுபது கரிமூட்டை.
எரிந்து முடிந்த சீமைக்கருவேலம்.
அதற்கு இனி எந்தச் சூடும் பொருட்டில்லை.
முள் சிவப்பைத் தொட்டபோது
பின்னால் அது பேசாமல்தான் வந்தது.

பிள்ளையார்பட்டி விலக்கு தாண்டி ஆவி.
கண்ணாடி பூத்துப்போய் ரோடு தெரியவில்லை.
நிறுத்தினேன்.
நிறுத்தினேன் என்றுதான்
அமலோற்பவத்திடம் போனில் சொன்னேன்.

கிரேன்காரன் ஆறாயிரம் கேட்டு
ஐயாயிரத்து ஐந்நூறுக்கு இறங்கினான்.
காரைக்குடிக்கு வெளியே கம்பெனி ஒர்க்‌ஷாப்.
கழுத்தில் அட்டை தொங்கும் இன்பராஜ்
என்னை சார் என்றான்.
ஒன்பது வருஷமாய் ரோட்டில்
ஏய் லாரி என்றுதான் எனக்குப் பெயர்.
சார் என்றால் செலவு.

'என்ன தண்ணி ஊத்துனீங்க?'
'ஊரணித் தண்ணி.'
எழுதிக்கொண்டான்.
ஊரே உலைவைக்கிற தண்ணீர்.
என்ஜினுக்கு மட்டும் இறங்காதாம்.
அதற்கு ரோஸ் கலரில்
கேனில் அடைத்து, சீல் வைத்து, அவர்களே விற்பார்களாம்.

காத்திருக்கிற அறையில் ஏசி, வாரப் பத்திரிகை,
சுவரில் ஒரு பெரிய வீட்டுப் படம்.
ஜன்னல்களை எண்ணினேன்.
அறுபத்திரண்டில் கூப்பிட்டுவிட்டார்கள்.
அந்த அறைக்கு ஜன்னல் ஒன்றுதான். திறக்காது.
அதன் வழியே என் வண்டி தெரிந்தது.
கேபினைக் கவிழ்த்துவிட்டால்
லாரி தலைகுனிந்துதான் நிற்கும்,
குற்றம் யாருடையதாக இருந்தாலும்.

முத்துராக்கு ஹெட்டைக் கழற்றி
இரும்புப் பட்டையை அதன்மேல் வைத்து
அடியில் தகடு நுழைத்துக் காட்டினார்.
நுழைந்தது.
நுழையக் கூடாது.
'கேஸ்கெட் போச்சு, ஹெட் வளைஞ்சிருக்கு.'
ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம்
என்று பிரிண்டர் சொன்னது.

வாரண்டி என்றேன்.
இன்பராஜ் லேப்டாப்பைத் திருப்பினான்.
ஒயரைச் சொருகியதும்
வண்டி எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறது:
நூற்றுப் பதினெட்டு டிகிரி. பதினொரு நிமிஷம் ஓட்டம்.
கிளீனர் தவசி அண்ணே அண்ணே என்றது,
பார்ட்டி ரெண்டு தடவை கூப்பிட்டது,
குன்றக்குடி போனால் தண்ணீர் இருக்கும் என்று
நான் மிதித்தது,
இதெல்லாம் அதில் இல்லை.
பதினொன்று மட்டும் இருந்தது.
நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம்தான் அந்த மஞ்சள் தாள்.
வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பின்னால்
எஃப்சி, இன்ஷூரன்ஸோடு மடங்கிக் கிடந்தது.
தை மாத சர்வீஸ், இதே ஒர்க்‌ஷாப்.
'ஃபேனில் சத்தம்: பார்த்தது. சரி.'
கீழே கையெழுத்து, கோழி கிளறியது மாதிரி.

முத்துராக்கு ஃபேனைக் கையால் சுழற்றினார்.
பிடிமானமே இல்லாமல்
சும்மா சுற்றியது, திருவிழாக் காற்றாடி போல.
இன்பராஜைப் பார்த்தார்.
கையைத் துடைத்தார், தேவைக்கு மேல் நேரம்.
சாயங்காலம் டீக்கடையில்:
'கிளட்ச் அப்பவே போயிருக்கும்ணே.
நான் சொன்னதா வெளியே சொல்லாதீங்க.'
சொல்லவில்லை, இங்கே தவிர.

மூன்றாம் நாள் கரியை வேறு வண்டிக்கு மாற்றினேன்.
நாலாம் நாள் மேனேஜர்
கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே வந்தார்.
பாதி அவர்கள், பாதி நான்.
'நல்லெண்ண அடிப்படையில்'
என்று ஃபாரத்திலேயே அச்சடித்து வைத்திருந்தார்கள்.
நல்லெண்ணத்துக்குக் கீழே கோடு,
கோட்டின் மேல் நான்.
பெயர் 'அடைகலம்' என்று இருந்தது.
க் போட்டுத்தான் கையெழுத்திட்டேன்.

ஆக, பதினொன்றில் ஐந்தரை அவர்களுடையது.

எட்டு நாள் கழித்து வண்டி வெளியே வந்தது.
முள் நடுவில் நிற்கிறது.
ரோட்டைவிட அதையே அதிகம் பார்க்கிறேன்.
தவசி ஒன்றும் கேட்கவில்லை,
காலுக்கடியில் ரெண்டு கேன் தண்ணீர் வைத்திருக்கிறான்.

தவணை ஏழாம் தேதி.
அதற்குள்
மீதி ஐந்தரை நிமிஷத்தை
அமலோற்பவத்திடம் சொல்ல வேண்டும்.